தொடர்புக்கு: காளிமுத்து

3 நவம்பர் 2008, திங்கள்

இந்த டைரியின் ஒவ்வொரு பக்கத்து அடியிலும் ஒரு இருமல் மருந்து பாட்டில் சிரிக்கிறது. டாக்டர்களுக்கு இனாமாகக் கொடுக்க அச்சடித்தது. கொடுத்தது போக மிச்சம் எங்கள் பரணில் கிடக்கும், ஏனென்றால் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் மெடிக்கல் ரெப். ஜனவரி முதல் அக்டோபர் வரை காலியாக விட்டு நவம்பரில் ஆரம்பிக்கிறேன். இந்தக் கதையை அவரிடமே சொல்லிச் சிரித்தால் கோபித்துக்கொள்கிறார், அதனால் இங்கே எழுதுகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் வண்டியிலிருந்து விழுந்து வலது கால் எலும்பை முறித்துக்கொண்டார். வண்டி ஓடவில்லை. ஸ்டாண்டு போட்டு நின்றிருந்தது. பேக்கரி வாசலில் அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி யாருக்கோ கை காட்டியிருக்கிறார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பேசியே பிழைக்கிற மனுஷனை ஆறு வாரம் நாற்காலியில் உட்கார வைத்தால் வீட்டில் இருப்பவள் கதி என்ன என்று டாக்டர் யோசிக்கவில்லை.

நாற்காலியை ஹாலில் டெலிபோன் மேசைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். அங்கிருந்துதான் டிவி தெரியும். மின்சாரம் இருந்தால்.

4 நவம்பர், செவ்வாய்

எங்கள் ஆபீஸ் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கடைக்கு மேல்மாடி. பதினான்கு பேர். 'அடுக்கு' என்று ஒரு கருவி செய்து விற்கிறோம். இணையதளம் கட்டுவதற்கான கருவி. சாதாரணத் தளத்தில் எதை அழுத்தினாலும் பக்கம் வெள்ளையாகப் போய் மறுபடி முதலிலிருந்து வரும். அடுக்கில் கட்டினால் வராது. கம்ப்யூட்டரில் ஏற்றிய ப்ரோகிராம் போல அங்கேயே தேதி மாறும், படம் நகரும், முன்பதிவு விழும். ரிச் இன்டர்நெட் அப்ளிகேஷன் என்று இதற்குப் பெயர். கோட் எழுதத் தெரிய வேண்டாம், கட்டங்களை இழுத்து அடுக்கத் தெரிந்தால் போதும்.

நான் ப்ரோகிராமர் இல்லை. உதவிப் புத்தகம், கருவியோடு சேர்த்துக் கொடுக்கிற மாதிரித் தளம், எங்கள் தளத்தின் 'செய்திகள்' பக்கம், இவை மூன்றும் என் பொறுப்பு. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. டிசம்பர் கடைசியில் ஆக வேண்டும்.

முதலாளி அருணகிரி சார் இன்று கூப்பிட்டார். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார். இன்று பத்து முறையாவது கழற்றியிருப்பார்.

"மூணாவது பதிப்பு டிசம்பர் பதினஞ்சு. செய்தி எழுதிருங்க கோகிலவாணி. கூடவே, இலவசப் பதிப்பை நிறுத்தறோம்னும் ஒரு பத்தி போட்டுருங்க."

"ஏனுங்க சார்?"

"ஆறாயிரம் பேர் இறக்கியிருக்கான். ஒருத்தனாவது தளம் கட்டினேன்னு நமக்கு ஒரு வரி எழுதியிருக்கானா? சும்மா கிடைக்குதுன்னு இறக்கி மூலையில போட்டிருக்கான். அதுக்கு ஒரு ஆள் வெச்சுப் பார்க்க இப்ப இருக்கற நெலமைல முடியாது."

அந்த ஒரு ஆள் ஷாஹிதா. எனக்கு எதிர் மேசை. இலவசப் பதிப்பு முழுக்க அவள் கைவேலை. ஜனவரியிலிருந்து அவளுக்கு வேலை இல்லை என்பதை நான் செய்தியாக எழுத வேண்டும். எதிரிலேயே உட்கார்ந்து.

சாயங்காலம் அவளுக்கு ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தேன். "என்னக்கா விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

6 நவம்பர், வியாழன்

பக்கத்து வீட்டு சரோஜாக்கா சொன்னார், எங்கள் வீட்டு போன் பல மாதமாகப் பகலெல்லாம் அடிக்கிறதாம். நாங்கள் இருவரும் வேலைக்குப் போய்விடுவதால் தெரியவில்லை. இப்போது எடுக்க ஆள் இருக்கிறது.

"ராங் நம்பரா வருது அம்மிணி," என்றார் இவர், முகமெல்லாம் மலர்ச்சியாக. "காலைல பொள்ளாச்சியில இருந்து ஒருத்தர் தை மாசம் மண்டபம் கெடைக்குமான்னாரு. மத்தியானம் ஒரு அம்மா பையனைக் கராத்தேக்குச் சேக்கோணும்னாங்க. ரெண்டு பேரும் காளிமுத்து சாருங்களான்னு கேக்கறாங்க. அதிசயமா இல்ல?"

அடுப்பில் ரசம் இருந்தது. போய்ப் பார்த்தேன்.

7 நவம்பர், வெள்ளி

ஆபீஸில் அந்தப் பொள்ளாச்சி மண்டபத்தின் தளத்தைத் தேடி எடுத்தேன். அடுக்கில் கட்டியதுதான், பார்த்ததுமே தெரிந்தது. மேலே பெயர் மாற்றியிருக்கிறார்கள், படம் மாற்றியிருக்கிறார்கள், மணவறைப் படம் தானாக நகர்கிறது. பிரமாதம். கடைசி வரை இறங்கிப் போனால் அடியில்: 'தொடர்புக்கு: காளிமுத்து'. பக்கத்தில் என் வீட்டு எண்.

மாதிரித் தளத்தில் நான் போட்ட பெயரும் எண்ணும்தான். எல்லாரும் மேலே இருப்பதை மாற்றுகிறார்கள், அடியில் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. மாதிரி எண் என்றால் பத்துப் பூஜ்யம் போட வேண்டும் என்பது அருணகிரி சார் சட்டம். பூஜ்யமாகப் போட்டால் பூட்டிய கடை மாதிரி இருக்கிறது என்று மார்ச் மாதம் எனக்குத் தோன்றிற்று. ஏதோ ஒரு பெயர், ஏதோ ஒரு எண் என்று போட்டேன். யாரும் கூப்பிடாத எண்தானே என்று நினைத்தேன்.

சார் கண்ணில் பட்டால் என் வேலை நிரந்தரம் ஆகிற மாதிரிதான்.

8 நவம்பர், சனி

வீட்டில் ஒப்புக்கொண்டேன். கால்கட்டு குலுங்கச் சிரித்தார். நான் சிரிக்கக் கூடாது, அவர் மட்டும் சிரிக்கலாம்.

"சரி, அந்த மண்டபத்தோட நெஜ நம்பரைப் புடிச்சுக் குடு. பாவம், கல்யாணம் தள்ளிப் போயிரப் போவுது."

12 நவம்பர், புதன்

பரணிலிருந்து இன்னொரு இருமல் மருந்து டைரியை எடுத்துக்கொண்டார். அழைப்பு வந்தால் ஊர், பெயர், எந்தத் தளம், என்ன வேண்டும் என்று எழுதுகிறார். டெலிபோன் விசாரணை எண் 197ஐக் கூப்பிட்டும் தெரிந்தவர்களைப் பிடித்தும் உண்மையான எண்ணைக் கண்டுபிடித்து, கேட்டவருக்குத் திரும்ப போன் போட்டுச் சொல்கிறார். இன்று மட்டும் ஒன்பது அழைப்பு.

நாமக்கல்லில் ஒரு கோழி டாக்டர் தளம் வைத்திருக்கிறார். பண்ணைக்காரர் ஒருவர் போன் செய்து, கோழிகள் தீனி எடுக்கவில்லை என்றாராம்.

"நீங்க என்னங்க சொன்னீங்க?"

"தண்ணித் தொட்டியைக் கழுவுனீங்களான்னு கேட்டேன். இல்லைன்னாரு. கழுவச் சொல்லிட்டு டாக்டர் நம்பரைக் குடுத்தேன்."

"உங்களுக்குக் கோழியைப் பத்தி என்ன தெரியும்?"

"நம்மூட்டுத் தொட்டியைக் கழுவலைன்னு நீ எத்தனை தடவை என்னைத் திட்டியிருக்கற?"

13 நவம்பர், வியாழன்

தொட்டி கழுவினேன்.

16 நவம்பர், ஞாயிறு

காலை பத்து மணிக்கு போன் அடித்தது. இவர் குளியலறையில், மாவுக்கட்டின்மேல் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். "எடு அம்மிணி, எடு!" என்று உள்ளிருந்து கத்தினார். என் கை முழுக்க மாவு என்றேன். போன் அடித்து அடித்து நின்றுவிட்டது.

வெளியே வந்து என் கையைப் பார்த்தார். நான் சப்பாத்திக்கு இன்னும் மாவே எடுக்கவில்லை என்பது டப்பாவைப் பார்த்தால் தெரியும். டப்பாவையும் பார்த்தார். உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மாமா பேரை நீ எதுக்குப் போட்டேன்னு நா இத்தனை நாள் கேக்கல பாரு. கேக்கவும் மாட்டேன்."

காளிமுத்து என் அப்பா பெயர். எழுதிவிட்டேன், போதும்.

18 நவம்பர், செவ்வாய்

மண்டபத்துக்காரரிடம் அடியில் இருக்கும் எண்ணை மாற்றச் சொல்லி இவரே போன் செய்தார். "மாத்தத் தெரியலீங்க. செஞ்சு குடுத்த மச்சான் மஸ்கட் போயிட்டாருங்க. நீங்களே இன்னும் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்குங்களேன், நல்லாத்தான் பேசறீங்க" என்றாராம். கல்யாணத்துக்கு எத்தனை கார் நிற்கும் என்று யாராவது கேட்டால் நாற்பது என்று சொல்லவும் சொல்லியிருக்கிறார்.

நாற்பது நிற்காது என்பது இவர் அபிப்பிராயம். அந்த மண்டபத்தை இவர் பார்த்ததே இல்லை.

21 நவம்பர், வெள்ளி

இலவசப் பதிப்பை நிறுத்துகிற பத்தியை நான்கு முறை எழுதி நான்கு முறை அழித்தேன். 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்றால் இரங்கல் செய்தி. 'மகிழ்ச்சியுடன்' என்றால் பொய். எதிரில் ஷாஹிதா காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, இழுத்த கட்டம் பாதியில் நழுவுகிற ஒரு பிழையைத் திருத்திக்கொண்டிருந்தாள். பத்து நாளாக அதையே துரத்துகிறாள்.

"யாரு பாக்கப் போறான்னு கேக்கறாங்கக்கா. எனக்குத் தெரியுமில்ல, நழுவுதுன்னு," என்றாள்.

அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் திருத்துகிறாள். மதியம் சாப்பிடாமல் டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டு வந்தேன்.

இரவு இவருடைய டைரியை எடுத்து எண்ணினேன். இருபத்து நான்கு தளங்கள். யாருமே பயன்படுத்தாத ஒன்றை இருபத்து நான்கு ஊரில் பயன்படுத்துகிறார்கள், அதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி இருமல் மருந்து டைரி. இதைக் காட்டினால் ஷாஹிதா பிழைப்பாள். காட்டினால் நான் மாட்டுவேன். வேலை நிரந்தரமாகி, டிசம்பர் முப்பத்தொன்றுக்கு அப்புறம் காட்டலாமா என்று யோசித்தேன். அதற்குள் செய்தி போய்விடும்.

22 நவம்பர், சனி

யோசிக்கிறேன்.

24 நவம்பர், திங்கள்

இன்னும் யோசிக்கிறேன். மூன்று மணி நேரம் மின்வெட்டு. யோசிக்க வசதியாக இருந்தது.

27 நவம்பர், வியாழன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் டிவி போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் வைத்துவிட்டுப் போன சோறு தொடாமல் இருந்தது.

காலை பதினொன்று பத்துக்கு ஒரு அழைப்பு. ஈரோட்டில் ஒரு ரத்ததானக் குழுவின் தளம். பேசியவரின் மனைவிக்குப் பிரசவ ஆபரேஷன், ஓ நெகட்டிவ் இரண்டு பாட்டில் உடனே வேண்டும். "காளிமுத்து சார், உங்களை நம்பித்தானுங்க இருக்கறேன்" என்று சொல்லி அந்த மனுஷன் அழுதிருக்கிறார்.

"நா அவரில்லைன்னு சொல்லக்கூட நேரமில்ல அம்மிணி. லைன்ல இருங்கன்னு சொல்லிட்டு செல்போனை எடுத்தேன். பதினாலு வருஷமா எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கேன். ஈரோட்டு லேப்ல ஒரு பையனுக்கு நா டைரி, காலண்டர்னு குடுத்துட்டே இருப்பேன், நீ கூடத் திட்டுவே. அவனைப் புடிச்சேன். பதினொன்னு முப்பத்தஞ்சுக்கு ரத்தம் கெளம்பிருச்சு."

"இப்ப?"

"பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டும் சௌக்கியம். மூணு மணிக்குக் கூப்புட்டுச் சொன்னாரு."

சொல்லிவிட்டுச் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நா இருந்தேன். டிசம்பர் பதிமூணு கட்டு பிரிச்சுருவாங்க. அதுக்கப்புறம் இது அடிச்சா யாரு எடுப்பா கோகிலா? போன மாசமெல்லாம் அடிச்சுதே, அதுல இப்படி யாராவது..."

பூஜ்யம் ஏன் போடச் சொன்னார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. பூஜ்யத்தைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் போட்டதை நம்பினார்கள்.

ரத்ததானக் குழுத் தலைவரை அப்போதே தேடிப் பிடித்து, அவர் மகளை வைத்து எண்ணை மாற்ற வைத்தோம். நான் படிப்படியாகச் சொல்லச் சொல்ல இவர் போனில் ஒப்பித்தார். அப்புறம் இருவரும் ஒரே தட்டில் ஆறின சோறு தின்றோம்.

1 டிசம்பர், திங்கள்

சொல்லிவிட்டேன்.

வீட்டுக்காரர் எழுதிய டைரியைச் சார் மேசைமேல் வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். அருணகிரி சார் பேனா மூடியைத் தொடவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பூஜ்யம் போடச் சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"ஒரு உயிர் போயிருந்தா இந்தக் கம்பெனி பேர் என்ன ஆகியிருக்கும்?"

"தப்புத்தானுங்க சார். மறைச்சு வெச்சது அதைவிடப் பெரிய தப்பு."

டைரியைத் திறந்தார். இருமல் மருந்து பாட்டிலை முறைத்தார். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். முப்பத்தொரு தளங்கள். ஊர், பெயர், யார் கட்டியது, எத்தனை நாளில் கட்டியது. என் வீட்டுக்காரரின் ரெப் புத்தி போகவில்லை, கடைசியில் 'இன்னும் என்ன இருந்தால் நல்லது?' என்று ஒரு பத்தி. முன்பதிவானதும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போனால் காசு கொடுத்தே வாங்குவோம் என்று பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கே அது தெரியாது.

சார் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து அவரே போட்டார். ஸ்பீக்கரில். நாமக்கல் கோழி டாக்டர்.

"அடுக்குங்களா? அட, நீங்கதானா செஞ்சது! நானே ரெண்டு நாள்ல கட்டினேனுங்க, எனக்குக் கம்ப்யூட்டர்ல பாட்டுப் போடறதைத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தக் கட்டம் இழுக்கறப்ப நழுவுதுங்க, அதைக் கொஞ்சம் பாருங்க."

"அதைச் சரி பண்ணிட்டாங்க," என்றார் சார். அவர் பார்வை கண்ணாடிக்கு வெளியே ஷாஹிதா மேல் போயிற்று.

"நல்லதுங்க. காளிமுத்து சாரைக் கேட்டதாச் சொல்லுங்க. தொட்டி கழுவச் சொன்னாரு பாருங்க, அதேதானுங்க காரணம்."

போனை வைத்தார். பிறகு பேனா மூடியைக் கழற்றினார். எனக்கு உயிர் வந்தது.

"உங்க நிரந்தரம் மூணு மாசம் தள்ளிப் போகுது. அதுல பேச்சு இல்ல. மூணாம் பதிப்பு வர்றதுக்குள்ள முப்பத்தொரு பேருக்கும் நீங்களே போன் பண்ணி நம்பர் மாத்த வைக்கறீங்க. அந்த நிறுத்தற பத்தியை எடுத்துருங்க."

"சரிங்க சார்."

"இந்த டைரி எழுதினவர் எங்க வேலை பாக்கறாரு?"

"இப்ப எங்கேயும் இல்லீங்க சார். நாற்காலியில."

வெளியே வந்து ஷாஹிதாவிடம் சொன்னபோது காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள். "நாமக்கல்லயா? என்னோடது நாமக்கல்ல இருக்குதா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்புறம் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பம்ப் கடைக்காரர் படியேறி வந்து என்ன சத்தம் என்று கேட்கும் அளவுக்கு இருவரும் அழுதோம்.

9 டிசம்பர், செவ்வாய்

இருபத்தாறு முடிந்தது. ஐந்து பாக்கி. ஆபீஸ் போனில் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. எல்லாரும் கடைசியில் காளிமுத்து சாரைக் கேட்டதாகச் சொல்கிறார்கள். சொல்கிறேன் என்கிறேன். யாரிடம் சொல்வது?

13 டிசம்பர், சனி

கட்டு பிரித்தார்கள். கால் பாவக்காய் மாதிரி சுருங்கியிருக்கிறது என்று சொன்னேன், கோபித்துக்கொண்டார். ஊன்றுகோலோடு நேராக அந்தப் பேக்கரிக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து.

15 டிசம்பர், திங்கள்

காலை பத்தரைக்குச் செய்தி ஏறியது. இங்கேயும் ஒட்டி வைக்கிறேன்:

'அடுக்கு மூன்றாம் பதிப்பு இன்று வெளியாகிறது. முன்பதிவானதும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி போகும் வசதி சேர்ந்துள்ளது. இழுக்கும்போது கட்டம் நழுவாது. மாதிரியில் உள்ள பெயரையும் எண்ணையும் மாற்றாமல் இனி எந்தத் தளத்தையும் வெளியிட முடியாது. இலவசப் பதிப்பு தொடர்கிறது. அதை ஷாஹிதா கவனித்துக்கொள்கிறார்.'

செய்தியில் ஆள் பெயர் போடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. சார் படித்தார், பெயரை அடிக்கவில்லை.

19 டிசம்பர், வெள்ளி

ஐந்து நாளாக போன் அடிக்கவில்லை. இவர் திங்கள் முதல் வேலைக்குப் போகிறார். ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைக்கிறார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

"இந்த லைனை ஒப்படைச்சுரலாம்னு நீங்க ஒரு வருஷமாச் சொல்லிட்டு இருந்தீங்களே," என்றேன்.

"நானா? எப்பச் சொன்னேன்?" என்றார்.

21 டிசம்பர், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். அப்பா தாராபுரத்திலிருந்து ஞாயிறுதோறும் பத்து மணிக்கு இந்த போனில்தான் கூப்பிடுவார். செல்போன் எண் கொடுத்தும் அதில் பேச மாட்டார். "சாப்புட்டயா கண்ணு? என்ன கொழம்பு?" அவ்வளவுதான் கேட்பார். போன வருஷம் செப்டம்பரில் போய்விட்டார். அதற்கப்புறம் இந்த போனை நான் தொட்டதில்லை, துடைக்கக்கூட இல்லை. லைனையும் விடவில்லை. மார்ச்சில் மாதிரித் தளத்தில் பெயர் எழுதுகிற கட்டம் வந்தபோது கை தானாக அந்தப் பெயரை எழுதிற்று, பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதிற்று. ஏதோ ஒரு பெயர், ஏதோ ஒரு எண் என்று முன்னே எழுதியது பொய்.

இன்று பத்து மணிக்கு போன் அடித்தது.

இவர் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தார். வர எழுந்தவர், என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்து துடைத்த இடத்தையே துடைத்தார். நான்காவது மணிக்கு நான் எடுத்தேன்.

"வணக்கமுங்க. கராத்தே வகுப்புங்களா? காளிமுத்து சார் இருக்கறாருங்களா?"

கரூர். என் பட்டியலில் கடைசி வரை பிடிபடாத ஒரே தளம். பின்னால் ஒரு குழந்தை 'ஹா, ஹூ' என்று கத்திக்கொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றேன். குரல் வந்துவிட்டது. "அவரு பொண்ணு பேசறேன். சொல்லுங்க."